பதினெட்டு மில்லிமீட்டர் கம்பியும் கால்பங்கு கழிவும்

எதிர்தரப்பு தாக்கல் செய்த ஆவணங்களில் எங்களை மிகவும் சங்கடப்படுத்தியது, என் கட்சிக்காரர் தன் கைப்பட எழுதி வைத்திருந்த ஒரு நோட்டுப் புத்தகம். பட்டறையில் கூலிக் கணக்கு எழுதுகிற வகை நோட்டு. தன் காரின் பின்பக்க ஸ்டெபிலைசர் கம்பியை மாற்றுவதற்கு முன்னால் அவர் யோசித்த யோசனை முழுவதும் அதில் தேதிவாரியாக இருந்தது: என்ன விட்டம், எந்த எஃகு, எந்த புஷ், முன்பக்கம் ஏன் வேண்டாம், மழையில் என்ன ஆகும். விபத்துக்குப் பிறகு ஒர்க்ஷாப்பில் நின்றிருந்த காரின் டேஷ்போர்டு அறையில் அது கிடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய புலனாய்வாளர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனார். காப்பீடு பெற்றவர் வாகனத்தைத் தெரிந்தே, திட்டமிட்டு மாற்றியமைத்தார் என்பதற்கு அதையே சான்றாவணமாகப் போட்டுவிட்டார்கள். தெரிந்தே, திட்டமிட்டு என்ற இரண்டு சொற்களையும் நான் கடைசிவரை மறுக்கவில்லை. எங்கள் வழக்கே அந்த இரண்டு சொற்களில்தான் நின்றது.

கட்சிக்காரர் கோவையில் பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சிறு லேத் பட்டறை வைத்திருந்தவர். தங்கையைக் குன்னூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தாயாரை அங்கே அழைத்துப் போவதும் கூட்டி வருவதும் அவர் பொறுப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி வெளிப்பக்கம் சாயச் சாய, பின்சீட்டில் இருந்த அந்த அம்மாளுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிடும். பர்லியாறில் நிறுத்தி, முகம் கழுவி, ஒரு சோடா குடித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். இதற்கு என்ன செய்யலாம் என்று தேடத் தொடங்கியவர்தான் ஸ்டெபிலைசருக்கு வந்து சேர்ந்தார். வழக்கில் அவர்மேல் சுமத்தப்பட்ட பந்தய ஆசைக்கு இதைத் தவிர வேறு பின்கதை கிடையாது.

அந்தக் கம்பி என்ன செய்கிறது என்பதை அவர் என் அலுவலக மேசையில் பழைய கம்பியையே கொண்டுவந்து வைத்து விளக்கினார். வண்டியின் அடியில் குறுக்காகப் போகும் எஃகுக் கம்பி அது. இரு முனையும் வளைந்து, லிங்க் ராடு வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சேர்கிறது. நடுவில் இரண்டு ரப்பர் புஷ் அதைச் சேஸியோடு பிடித்துக்கொள்கின்றன. இரண்டு சக்கரமும் ஒரே மேட்டில் சேர்ந்து ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், அதற்கு வேலை இல்லை. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது ஒரு முனை மேலே போகும், மறுமுனை கீழே நிற்கும்; அப்போது ஈரத்துணியைப் பிழிவதுபோல் கம்பி முறுக்கப்படும். முறுக்குக்கு எஃகு காட்டும் எதிர்ப்புதான் சாய்வைக் குறைக்கிறது. அந்த எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது என்பது ஷாஃப்ட் கடைபவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பெனி கொடுத்தது 16 மில்லிமீட்டர். அதை 18 ஆக்கினால் விறைப்பு சுமார் 60 சதவீதம் கூடும். 20 ஆக்கினால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகிவிடும். இரண்டு அளவும் அவருக்குக் கிடைத்தன, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. அவர் 18 எடுத்தார். நோட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், மழைக்கு இது போதும் என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்.

ஏன் பின்பக்கம் என்பதற்கும் காரணம் எழுதியிருந்தார். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் எஞ்சின் பாரமும் முன்னால், திருப்புகிற வேலையும் இழுக்கிற வேலையும் அதே இரண்டு டயர்களுக்கு. அதனால் வேகம் கொஞ்சம் கூடினால் முன்பக்கம் பிடி விட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே வெளியே போகப் பார்க்கும். முன் ஸ்டெபிலைசரைத் தடிமனாக்கினால் சாய்வு குறையும். ஆனால் வெளிப்பக்க முன்டயர்மேல் பளு இன்னும் ஏறி இந்தக் குணம் மோசமாகும். பின்பக்கத்தை அளவாக விறைப்பாக்கினால் சாய்வைத் தாங்கும் வேலையில் ஒரு பங்கு பின்னால் போய் முன்டயர்களுக்குச் சற்று மூச்சு கிடைக்கும். அளவு மீறினால் மழையில் பின்பக்கம் விசிறிக்கொண்டு போய்விடும். கம்பி முனையில் லிங்க் மாட்ட மூன்று துளைகள் உண்டு. உள்ளே போகப் போக விறைப்பு. அவர் கடைசி வெளித்துளையில் மாட்டினார். பாலியூரிதேன் புஷ் போட்டால் அமுங்காது, ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், பராமரிக்க ஆள் வேண்டும் என்று எழுதிவிட்டு ரப்பரையே வைத்துக்கொண்டார். லிங்க் நீளத்தைச் சரிசெய்யும்போது சமதரையில் வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இடத்தில் ஆளை உட்காரவைத்து, கம்பியில் முன்கூட்டியே முறுக்கு ஏறாதபடி பார்த்தார்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வழக்குக் கட்டில் இந்த விவரங்கள் எல்லாம் ஒரே வாக்கியமாகச் சுருங்கிப் போயின: காப்பீடு பெற்றவர் தரமான பாகத்தை நீக்கிவிட்டு அங்கீகரிக்கப்படாத பாகத்தைப் பொருத்தினார். சட்டம் கேட்ட கேள்வி மாற்றினாயா இல்லையா என்பது மட்டுமே. எப்படி மாற்றினாய் என்று கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை.

விபத்து நடந்தது மலை இறங்கும்போது, தூறலில். வலப்பக்கம் திரும்பும் வளைவு. ஏறி வந்த சுற்றுலா வேன் ஒன்று வளைவை அகலமாக எடுத்து இவர் பக்கத்துக்கே வந்துவிட்டது. பிரேக் அடித்து இடப்பக்கம் ஒதுங்கியதில் கார் பள்ளத்தாக்கு ஓரக் கல்சுவரில் மோதியது. தாயாருக்கு மணிக்கட்டு வீக்கம், இவருக்கு ஒன்றுமில்லை. காருக்கு மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் செலவு. வேன் நிற்கவில்லை. அதனால் எல்லாச் சுமையும் சொந்த வாகனச் சேதத்துக்கான காப்பீட்டின்மேல் விழுந்தது.

இந்த இடத்தில் நடைமுறையைச் சொல்ல வேண்டும். அன்றைய காப்பீட்டுச் சட்டத்தின் 64யுஎம் பிரிவுப்படி, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கோரிக்கையை உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்து அறிக்கை கொடுத்த பிறகே கம்பெனி தீர்க்க முடியும். முதலில் வந்த சர்வேயர் நேர்மையான மனிதர். எதிரே வந்த வாகனத்தைத் தவிர்த்ததால் விபத்து என்று எழுதி, தொகையையும் மதிப்பிட்டுக் கொடுத்துவிட்டார். ஸ்டெபிலைசரைப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார், அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அந்த அறிக்கை பிடிக்காத கம்பெனி, இரண்டாவது ஒருவரை நியமித்தது. வேண்டிய முடிவு வரும்வரை சர்வேயர்களை ஒருவர் பின் ஒருவராக நியமிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குக் கிடையாது, முதல் அறிக்கையை ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில் சொல்லியிருக்கிறது. காரணம் கேட்டோம். நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார்கள்.

கொங்கு வட்டாரத்தில் ஒரு மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் முறையீடு செய்தோம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய முறையீட்டை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றுதான் சொன்னது; வாய்தாக்கள் அதைவிட நீளமாகவே போயின. எதிர்தரப்பு எழுப்பிய முதல் வாதம், வண்டி வேகப் பரிசோதனைக்குப் பயன்பட்டது என்பது. தனியார் கார் பாலிசியில் பந்தயம், வேகப் பரிசோதனை போன்ற பயன்பாடுகளுக்கு விலக்கு உண்டு. காரில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் பழைய நுழைவுச் சீட்டு ஒன்று கிடந்ததாம். 2003இல் திறந்த அந்தத் தடத்துக்கு, கார் பந்தயத்துக்காகவே வாழ்ந்து 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவரதன் பெயரை வைத்திருக்கிறார்கள். பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் கோவையின் பட்டறைக்காரர்களில் பாதிப்பேர் பார்வையாளர் வரிசையில் இருப்பார்கள். சீட்டு பார்வையாளருக்கானது என்று காட்டியதும் அந்த வாதம் அடங்கியது.

இரண்டாவது வாதம் கனமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இறுக்கியது. நான் ஆர்.சி. புத்தகத்தையே மன்றத்தின் முன் வைத்தேன். அதில் எஞ்சின் எண் உண்டு, சேஸி எண் உண்டு, நிறம், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, வீல்பேஸ், வெற்று எடை உண்டு. ஸ்டெபிலைசரின் விட்டம் எங்கே? இல்லாத விவரம் எப்படி மாறும்? மேலும் அதே பிரிவின் விளக்கம், மாற்றம் என்றால் வாகனத்தின் அடிப்படைத் தன்மை மாறும்படியான அமைப்பு மாற்றம் என்கிறது. இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கூடியதால் செடான் வேறொரு வண்டியாகிவிடவில்லை. எதிர்தரப்பு வக்கீல், எனக்கு மூத்தவர், நிதானமாக ஒரு பதில் சொன்னார்: சஸ்பென்ஷன் என்பது வண்டி சாலையில் நிற்கும் விதம், அது அடிப்படைத் தன்மை இல்லையென்றால் நிறம் மட்டும் அடிப்படையா? அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆகவே பிரிவின் சொற்களோடு நிற்காமல் விபத்தின் காரணத்துக்குப் போக வேண்டியிருந்தது. நிபந்தனை மீறப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அந்த மீறல் ஒப்பந்தத்தையே முடித்துவிடும் அளவுக்கு அடிப்படையானதா, விபத்துக்கு அது பங்களித்ததா என்று பார்க்க வேண்டும். 1996இல் பி.வி. நாகராஜு வழக்கில், சரக்கு லாரியில் அனுமதிக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தும், அவர்கள் இருந்ததால் விபத்து நேரவில்லை என்று கண்டு உச்ச நீதிமன்றம் லாரிச் சேதத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. விலக்கைச் சொல்லிப் பணத்தை மறுப்பவர்தான் அந்த விலக்கை நிரூபிக்கவும் வேண்டும்.

நுகர்வோர் மன்றத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்பது அபூர்வம். கேள்விகளை எழுத்தில் கொடுப்போம், பதில் பிரமாண வாக்குமூலமாக வரும். இரண்டாவது சர்வேயருக்கு நான் அனுப்பிய கேள்விகளை என் கட்சிக்காரரோடு உட்கார்ந்துதான் தயாரித்தேன். பின் ஸ்டெபிலைசர் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் வளைவில் எந்தப் பக்கம் முதலில் பிடி விடும்? பின்பக்கம் என்று பதில் வந்தது. வலப்பக்க வளைவில் பின்பக்கம் விசிறினால் இடப்பக்கச் சுவரில் எது முதலில் படும்? பின் இடது மூலை. இந்தக் காரில் பின் இடது மூலையில் சேதம் உண்டா? இல்லை. சேதம் எங்கே? முன் இடது மூலை, முன் சஸ்பென்ஷன், ஹெட்லைட். நேராக வெளியே போன வண்டியின் அடையாளம் அது. அந்தக் குணத்தைக் குறைப்பதற்காகத்தான் அந்தக் கம்பி போடப்பட்டது என்பதற்கு ஆதாரம், எதிர்தரப்பே தாக்கல் செய்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தது.

எதிர்தரப்பு விடவில்லை. கம்பி பழையபடி இருந்திருந்தால் வண்டி இன்னும் நன்றாகத் திரும்பியிருக்காது என்று யார் சொல்ல முடியும் என்று கேட்டார்கள். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்றார்கள். முன்னுரிமை என்பது எதிர்ப்பக்கத்துக்கு வரும் உரிமை ஆகாது என்று அதற்குப் பதில் இருந்தது. அவர்கள் கடைசியாக வைத்த வாதம்தான் ஒட்டிக்கொண்டது: பாலிசியைப் புதுப்பிக்கும்போது மாற்றத்தைச் சொல்லவில்லை. காப்பீடு இருதரப்பும் ஒளிவுமறைவின்றி நடக்க வேண்டிய ஒப்பந்தம். உண்மை. ஆனால் புதுப்பிக்க ஏஜென்ட் வந்தார், செக் வாங்கினார், போனார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒரு படிவமும் நீட்டவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாததை மறைப்பு என்று சொல்லலாமா என்று வாதாடினேன்.

தீர்ப்பு வந்தது. கம்பியால் விபத்து நேரவில்லை என்று மன்றம் ஏற்றது, முதல் சர்வேயரின் மதிப்பீட்டையும் ஏற்றது. ஆனால் மாற்றத்தைத் தெரிவிக்காதது நிபந்தனை மீறல் என்று சொல்லி, 2010இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் பின்பற்றிய முறைப்படி முக்கால் பங்கை மட்டும் கொடுக்கச் சொன்னது. நிபந்தனை மீறியவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க ஏற்பட்ட முறை அது. எத்தனையோ குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் விபத்தோடு தொடர்பே இல்லை என்று தீர்மானித்துவிட்டு, அதே கம்பிக்காகக் கால்பங்கைப் பிடிப்பதற்குள் ஒரு முரண் இருப்பதாகவே எனக்குப் பட்டது. மேல்முறையீட்டுக்கு மனு தயார் செய்தேன். கட்சிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். பட்டறையை மூடிவிட்டு வாய்தாவுக்கு வந்த நாட்களின் கூலி நஷ்டத்தையும் அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அன்று அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான் இந்த வழக்கை என் நினைவில் நிறுத்தியிருக்கிறது. "ஏனுங்க சார், அந்த நோட்டு மட்டும் வண்டியில இல்லாம இருந்திருந்தா முழுப் பணமும் வந்திருக்குமுங்களா?" பெரும்பாலும் வந்திருக்கும் என்றேன். கம்பியில் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார். நோட்டு இல்லாவிட்டால் அது கம்பெனிக் கம்பி இல்லையென்றே அந்தப் புலனாய்வாளருக்குத் தெரிந்திருக்காது. அவர் அலுவலக வாசலில் நிற்கும்போதே, அதே மன்றத்தில் நான் பார்த்திருந்த வேறு கோப்புகளை நினைத்துக்கொண்டேன். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. வழுக்கை டயரோடு ஓடிய வண்டிகளுக்கு, புஷ் கிழிந்து லிங்க் ஆடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு, ஒருவரும் அளந்து பார்க்காமல் முழுத்தொகை போயிருக்கிறது. தேய விட்டவன் எதையும் மாற்றவில்லை. ஆகவே அவன்மேல் குற்றமில்லை. தன் தாயை ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் கணக்குப் போட்டு ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதியும் வைத்தவனிடம்தான் கால்பங்கு பிடித்தோம்.

கடுமையான சட்டம் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. ஜெர்மனியின் வாகன விதிகளின் 19ஆம் பிரிவு நம்முடையதைவிடக் கடுமை: ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றம் செய்தால் வண்டியின் இயக்க அனுமதியே போய்விடும். ஆனால் அங்கே ஸ்டெபிலைசர் செய்து விற்பவர் நிபுணர் அறிக்கையோடு விற்கிறார். வாங்குபவர் பொருத்திய பிறகு பரிசோதனைப் பொறியாளரிடம் காட்டுகிறார். அவர் பார்த்துச் சரியென்றால் வண்டியின் ஆவணத்தில் பதிவாகிறது. கவனமாகச் செய்பவனுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது, கண்டபடி செய்பவனுக்கு மூடியிருக்கிறது. நம்மிடம் இருவருக்கும் ஒரே சுவர்.

அதற்குப் பிறகு சுவர் உயர்ந்துவிட்டது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் பாகம் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆர்.சி.யில் இல்லாத விவரம் எப்படி மாறும் என்ற என் பழைய வாதத்துக்கு இன்றும் உயிர் இருக்கிறது. ஆனால் அதை நம்பி ஒருவரைக் கம்பி மாற்றச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

சென்ற ஆண்டு அவர் உயரமான புது வண்டி வாங்கினார். உயரம் கூடினால் சாய்வும் கூடும்; தாயாருக்கு வயதும் கூடியிருக்கிறது. மறுபடி அதே யோசனையோடு வந்தார். வாங்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் எழுதுங்கள் என்றேன். காப்பீட்டு நிறுவனம், வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஒப்புதல் கொண்டுவரச் சொன்னது. அலுவலகம், இது பதிவு விவரத்தில் வராது, தயாரிப்பாளரைக் கேளுங்கள் என்றது. தயாரிப்பாளர், நாங்கள் விற்கும் பாகத்தைத் தவிர வேறெதற்கும் கருத்துச் சொல்ல இயலாது என்று எழுதினார். இப்போது இந்தப் பதில்களின் நகல்களை இணைத்து, கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டத் தயார், ஆகும் அல்லது ஆகாது என்று ஒரு வரி எழுத்தில் வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.